ஜுசாராவின் நேர்காணல்

ஜூன் 21

விடாத மழை. கொடியில் போட்ட லுங்கி இன்னும் சொட்டுகிறது. கடற்கரை ஊருக்கு ஆசைப்பட்டு வந்தவனுக்கு இது வேண்டும். இங்கே ஜூனும் ஜூலையும் மழைக்காலம் என்று எந்த வீடியோவிலும் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் இளநீரும் லேப்டாப்புமாக மணலில் உட்கார்ந்து படம் காட்டினார்கள். மணலில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு மனிதரை நான் இங்கே இன்னும் பார்க்கவில்லை. வெயிலில் திரையே தெரியாது என்பது வந்தபிறகுதான் தெரிந்தது.

ஜோவாவ் பெசோவா பிரேசிலின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. இந்த ஊரை நான் பிடித்தது கடலுக்காக இல்லை, கடிகாரத்துக்காக. என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சென்னையில் இருந்தவரை அவர்களுடைய பகல் எனக்கு நடுராத்திரி. வருஷக்கணக்கில் ஆந்தை மாதிரி விழித்துக் கிடந்து ரத்த அழுத்தத்தை வாங்கிக்கொண்டேன். இங்கே அவர்களுக்கு விடியும் நேரத்தில் எனக்கும் விடிந்திருக்கிறது. வாடகை கட்டுப்படியாகிறது. பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி தூங்குவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பதை நாற்பத்தாறு வயதில் கண்டுபிடித்திருக்கிறேன்.

அக்கா திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டாள். அங்கே என்னதான் வேலை என்று கேட்டாள். கன்சல்டன்சி என்றேன். என்ன கன்சல்டன்சி என்று தெரிந்தால்தானே நாலு பேரிடம் சொல்ல முடியும் என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 24

புனித ஜானின் திருநாள். தெருவெல்லாம் தீ மூட்டி மக்காச்சோளம் சுடுகிறார்கள். தூறலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வீட்டுக்காரம்மா டோனா நசாரே கீழேயிருந்து கூப்பிட்டு ஒரு தட்டு நிறையக் கொடுத்தார். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் வாரத்தில் மூன்று காலை டயாலிசிஸுக்குப் போகிறார். போய்விட்டு வந்த அன்று சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

மகள் ஜுசாரா கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டலின் வரவேற்பில் இருக்கிறாள். அவள்தான் அம்மாவை பஸ்ஸில் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறாள். இன்றைக்கு என்னிடம் ஒரு உதவி கேட்டாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். வெளிநாட்டுப் பயண முன்பதிவுக் கம்பெனி. நேர்காணல் ஆங்கிலத்தில். தினமும் கொஞ்ச நேரம் தன்னோடு ஆங்கிலம் பேச முடியுமா என்று கேட்டாள்.

சரி என்றேன். சோளம் நன்றாக இருந்தது.

ஜூன் 30

தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்ததில் காலை முழுக்கக் குளிக்கவில்லை. என் வாடிக்கையாளர் பூவரசன் கூப்பிட்டபோது தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

சாயங்காலம் ஜுசாரா மாடிக்கு வந்தாள். இங்கே ஆண்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘செயு’ சேர்க்கிறார்கள். இசக்கிமுத்து என்ற என் பெயர் இவர்கள் வாயில் நுழையாததால் நான் செயு முத்து. அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய போர்ச்சுகீஸும் சேர்ந்து நொண்டும். அதை எழுத உட்கார்ந்தால் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வருகிறது. அப்படியே இருக்கட்டும்.

ஹோட்டலில் இதுவரை கூட வேலை பார்ப்பவர்களோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு சமாளித்திருக்கிறாள். ஆகஸ்டிலிருந்து மாற்ற விடமாட்டோம் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். காலை ஷிப்ட் என்றால் காலை ஷிப்ட்தான். அம்மாவைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப முடியாது. அதனால் இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

அவளுக்கு நன்றாகவே வருகிறது. வார்த்தைக்காகக் கொஞ்சம் நிற்பாள், நெற்றியைச் சுருக்குவாள், பிறகு சரியாகப் பிடித்துவிடுவாள். எனக்குத்தான் அந்த நிற்கிற நேரத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

ஜூலை 3

கேட்க யாரும் இல்லாத இந்த இடத்திலாவது வேலையைப் பற்றி எழுதிவிடுகிறேன். இதற்கு ‘ஜாப் சப்போர்ட்’ என்று பெயர். பூவரசன் கரூர்க்காரர், டல்லாஸில் இருக்கிறார். இல்லாத அனுபவத்தை இருப்பதாகப் போட்டு ஒரு மென்பொருள் வேலையில் சேர்ந்தவர். அவருடைய வேலையை நான் செய்கிறேன். அவர் தன் திரையை எனக்குத் திறந்துவிடுவார், நான் இங்கிருந்து தட்டுவேன். அவர் பெயரில் மெயில் போடுவேன், அவர் பெயரில் மன்னிப்புக் கேட்பேன், அவர் மனைவிக்குப் பிரசவம் என்று அவர் பெயரில் விடுப்பும் கேட்டேன். இப்படி நான்கு பேர் இருக்கிறார்கள்.

நேர்காணல் என்றால் இன்னும் கொஞ்சம் வித்தை. அவர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து வாயசைப்பார்கள். நான் பேசுவேன். கையைத் தாடையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன், பெரிய காபிக் கோப்பை ஒன்றும் வாங்கிவைக்கச் சொல்வேன். உதடு குரலோடு ஒட்டாவிட்டால் நெட்வொர்க் மேல் பழியைப் போடலாம். நேர்காணலில் மௌனம் விழுந்தால் போச்சு. அந்த மௌனத்தை விழவிடாமல் தாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதை மோசடி என்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் பிழைக்க ஒரு கை கொடுக்கிறேன். அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

இன்று பூவரசன் பதறிக்கொண்டு கூப்பிட்டார். “அண்ணா, கேமரா போட்டுப் பேசச் சொல்லிட்டாங்கண்ணா. கொஞ்சம் சீக்கிரம் வாங்கண்ணா.” போனேன். பேசினேன். பாராட்டினார்களாம்.

ஜூலை 8

ஜுசாராவிடம் இன்று சொல்லிப் பார்த்தேன். நேர்காணலை எங்கள் முறையில் செய்துவிடலாம், நீ சும்மா உட்கார்ந்திரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. பெண் குரலுக்கு என்ன செய்வது என்பதற்கும் மென்பொருள் இருக்கிறது. காசு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னேன். வேறு யாருக்கும் நான் இலவசமாகச் செய்ததில்லை.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள். கீழே இறங்கிப் போய் அம்மாவிடம் சொல்லி, அந்த அம்மாளும் சிரிப்பது மாடிவரை கேட்டது. நானும் சிரித்துவைத்தேன். காது சூடாகி, ஆறுவதற்குக் கொஞ்ச நேரமானது.

ஜூலை 11

பல்லி லேப்டாப் சார்ஜருக்குள் போய்விட்டது. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 13

நாளைக்கு நேர்காணல். என் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. கீழே இணையம் அடிக்கடி விழும், என்னிடம் ஃபைபர் இருக்கிறது. இணைப்பு போனால் என் போனிலிருந்து மாற்றிக்கொடுப்பது மட்டும் என் வேலை. மேசைக்கு எதிர்ப்பக்கம், கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பேசக் கூடாது என்று அவளே கேட்டுக்கொண்டாள். சரி என்று தலையாட்டினேன்.

அறையைப் பெருக்கினேன். நீலச் சட்டையை இஸ்திரி போட்டேன். என்னை யாரும் பார்க்கப் போவதில்லை, தெரியும். சும்மா போட்டுவைத்தேன்.

ஜூலை 14

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேள்வி கேட்டவர் ஒரு அயர்லாந்துப் பெண்மணி, கனிவானவர். ஜுசாரா தலையைப் பின்னிக் கட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹோட்டலைப் பற்றிச் சொன்னாள், அவர் சிரித்தார். அம்மாவைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். பாதிக்கு மேல் தாண்டியாயிற்று.

பிறகு அந்தக் கேள்வி. கோபமாக வந்த ஒரு விருந்தினரை நீங்கள் சமாதானப்படுத்திய சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள். ஜுசாரா வாயைத் திறந்தாள், மூடினாள், நெற்றியைச் சுருக்கினாள். அறை அமைதியாக இருந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

“என்னுடைய முந்தைய வேலையில் இப்படிப்பட்ட வாடிக்கையாளர் ஒருவரை நான் சந்தித்தேன்” என்று நல்ல ஆங்கிலத்தில், கட்டைக் குரலில், தெளிவாக யாரோ சொன்னார்கள்.

யாரோ என்ன யாரோ. நான்தான். இரண்டாவது வாக்கியத்தையும் பாதி சொல்லிவிட்டேன். நான் முதலில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன் என்று தொடங்கிவிட்டேன். ஜுசாரா என்னைப் பார்த்த பார்வையில்தான் என் வாய் திறந்திருப்பதே எனக்குத் தெரிந்தது.

அறையில் இருப்பது யார் என்று அந்த அம்மாள் கேட்டார். ஜுசாரா பதில் தேடுவதற்குள், இன்றைக்கு இத்துடன் நிறுத்திக்கொள்வோம் என்று மரியாதையாகச் சொல்லித் துண்டித்துவிட்டார்.

ஜுசாரா திட்டவில்லை. நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். இணையத்துக்கு நன்றி என்றாள். படியிறங்குமுன் ஒன்று மட்டும் சொன்னாள்.

“நான் திக்கல, செயு முத்து. கோவமா வந்த அந்த விருந்தாளியம்மா மொகத்த ஞாபகப்படுத்திட்டு இருந்தேன்.”

ஜூலை 15

கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டதாம். நேர்காணலில் வேறொருவர் உதவியதால் விண்ணப்பம் மூடப்பட்டது. டோனா நசாரே படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு எனக்கு இதைச் சொன்னார். கோபமே இல்லை. மகள் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்று யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னார்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே போகக் கூச்சமாக இருப்பதால் குப்பைப் பையை அறையிலேயே வைத்திருக்கிறேன். நாறுகிறது.

ஜூலை 16

ஜுசாரா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீங்க ஒரு மெயில் போடணும். உங்க பேரப் போட்டு. அவ எதுவும் கேக்கல, நானாத்தான் பேசினேன்னு. எதுக்குப் பேசினீங்கன்னும் எழுதுங்க. நெசத்த எழுதினா நம்புவாவ.”

எதற்குப் பேசினேன் என்று அவளுக்குத் தெரியாது. நான் என்ன தொழில் செய்கிறேன் என்றும் தெரியாது. அப்போது சொன்னேன். எல்லாவற்றையும். காபிக் கோப்பையைக்கூட. அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் சொன்னது வேடிக்கை இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 18

எழுதவில்லை.

எனக்கு மெயில் எழுத வராது என்று யாரும் சொல்ல முடியாது. ராஜினாமாக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், இரங்கல் கடிதம், எத்தனையோ எழுதியிருக்கிறேன். எல்லாம் யாரோ ஒருவருடைய பெயரில். இன்று காலை உட்கார்ந்தேன். “என் பெயர் இசக்கிமுத்து” என்று அடித்தேன். கை நின்றுவிட்டது. மத்தியானம் மீன் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அதே வரிதான்.

பயமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பெயரோடு இப்படி ஒன்றை எழுதி அனுப்பினால் அது எங்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்? என் நான்கு பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். பூவரசனுக்குக் கைக்குழந்தை வேறு. இவ்வளவு யோசிக்கிறேன் அல்லவா, இதில் எனக்காக யோசிப்பது எவ்வளவு என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஜூலை 20

மாட்டிக்கொண்டேன். குப்பையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாது. நேற்றிரவு டோனா நசாரேக்கு மூச்சுத் திணறி, அவசரமாகக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மாடியில் இருந்த எனக்குத் தெரியவே இல்லை. கையில் பஞ்சும் பிளாஸ்திரியும். ஜுசாரா ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் சாவியைத் தேடினாள்.

“எழுதிட்டீங்களா?”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். எழுதிவிட்டேன் என்றேன்.

டோனா நசாரே என் கையைப் பிடித்துக் கடவுள் உனக்குக் கொடுப்பார் என்றார். கை ஜில்லென்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மாடிக்குக் குஸ்குஸ் வந்தது. சோள மாவை ஆவியில் வேகவைத்து வெண்ணெய் போடுவார்கள், நம் புட்டு மாதிரி இருக்கும். அப்படி ஒரு நிலையிலும் அடுப்பருகே நின்று செய்திருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. சாப்பிடக் கூடாது என்று மூடிவைத்தேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன். அது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 23

பூவரசனுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கிறதாம். நன்றி அண்ணா என்று செய்தி அனுப்பியிருந்தார். தலைவலி. துணி துவைத்தேன்.

ஜூலை 25

ஜுசாரா கம்பெனிக்குத் தானே எழுதியிருக்கிறாள். அன்று பேசியவர் நடந்ததையெல்லாம் உங்களுக்கு எழுதிவிட்டார், தயவுசெய்து அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று. இதைச் சொல்லிவிட்டு, “தேங்க்ஸ், செயு முத்து” என்றாள். முதல்முறையாகப் பழையபடி சிரித்தாள்.

இப்போதாவது எழுதித் தொலைக்க வேண்டும். எழுதினால் தேதி காட்டிக்கொடுத்துவிடும். எழுதாவிட்டால் எழுதாததே காட்டிக்கொடுத்துவிடும். கடற்கரைக்குப் போனேன். காலையில் அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை நடக்கவிடுகிறார்கள். வயதானவர்கள் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். நான் யார் என்று தெரிந்தால் சொல்வார்களா என்று நினைத்துக்கொண்டே பதில் வணக்கம் சொன்னேன்.

ஜூலை 28

காலையில் டோனா நசாரே சொன்னார். ஜுசாராவை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களாம். இன்றைக்கே. ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு அறை காலியான பிறகு அங்கேயே உட்கார்ந்து பேசப் போகிறாளாம். என் ஃபைபரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த அம்மாள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மாடிக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். நான்கு பேருக்கும் இன்று உடம்பு சரியில்லை என்று செய்தி போட்டேன். சாப்பிடவில்லை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். என் பெயர் இசக்கிமுத்து. மற்றவர்களுக்காகப் பேசிப் பிழைக்கிறேன். அன்றைக்கு அவள் என்னை எதுவும் கேட்கவில்லை, பேசாதே என்றுதான் சொல்லியிருந்தாள். மௌனத்தைப் பொறுக்க முடியாமல் பழக்கத்தில் பேசிவிட்டேன். எழுதிவிட்டதாக அவளிடம் சொன்னதும் பொய். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவள் வந்ததும் காட்டிவிட்டு, அவள் கண்முன்னாலேயே அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

இங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். அதற்குச் சற்று முன்னால் வந்தாள். ஹோட்டல் சீருடையைக்கூட மாற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

“வேல கெடச்சிட்டு” என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“அந்த ஆள் எழுதினதா சொன்னியே, எங்களுக்கு ஒண்ணும் வரலியேன்னு கேட்டாவ.”

நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன்.

“எனக்கு அப்பவே புரிஞ்சிட்டு. அவுக காத்துட்டு இருந்தாவ. எங்கம்மாவ நெனச்சேன். அவரு எழுதினாரு, அனுப்பும்போது நான் பக்கத்துலதான் நின்னேன், கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டேன். வயசானவரு, எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தாராரு, பதட்டத்துல வாயத் தொறந்துட்டாருன்னும் சொன்னேன். கொஞ்சங்கூட நிக்காம சொன்னேன். உன் வார்த்தைய நம்பித்தான் எடுக்கோம்னாவ.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என் பின்னால் மேசையில் அந்த மெயில் திறந்தபடி இருந்தது. நான் நகர்ந்து நின்று திரையை மறைத்துக்கொண்டேன். அதை இனிமேல் அனுப்ப முடியாது. அதில் இருக்கும் ஒவ்வொரு உண்மையும் அவளைப் பொய்க்காரி ஆக்கும்.

திட்டவில்லை. கேள்விதான் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல, டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

“மொதத் தடவ பொய் சொன்னதுக்கப்புறம், எத்தன நாள்ல பழகும், செயு முத்து?”

பழகாது என்றேன். பழகவே பழகாது என்றேன்.

அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போலிருந்தது. தலையாட்டிவிட்டுக் கீழே போனாள். டோனா நசாரே அழுகிற சத்தமும் சிரிக்கிற சத்தமும் சேர்ந்து வந்தன.

மெயிலை அழித்தேன்.

ஜூலை 29

ஃபீனிக்ஸில் இருக்கும் ஒருவருக்காகப் பத்து மணிக்கு நேர்காணல். புதிய வாடிக்கையாளர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.